பழைய பேட்டர்னிலிருந்து புது உடை: பேஷன் நிறுவனங்கள் தங்கள் காப்பகத்தைப் பயன்படுத்தும் விதம்

புது ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது கூடவே ஒரு அளவு ரவிக்கையையும் கொடுப்போம். தையல்காரர் அதன் நிறத்தையும் பூவேலையையும் கண்டுகொள்ள மாட்டார். தோள் அகலம் எவ்வளவு, கைக்குழி எவ்வளவு ஆழம், டார்ட் (உடலோடு பொருந்த உட்புறம் மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு) எங்கே முடிகிறது, முன்கழுத்து எதுவரை இறங்குகிறது என்றுதான் பார்ப்பார். பாரிஸிலும் மிலானிலும் உள்ள பெரிய பேஷன் நிறுவனங்கள் தங்கள் பழைய உடைகளை வெளியே எடுப்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான். எழுபது வருடத்துக்கு முந்தைய ஜாக்கெட் அவர்களுக்கு ஒரு அளவு ஜாக்கெட்.

டர்பனில் தையல் பழகுகிறவர்கள், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டிலேயே சிறு பொட்டிக் நடத்துகிறவர்கள், கல்லூரியில் பேஷன் டிசைன் முதலாண்டில் இருப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். ஒரு நிறுவனத்தின் பழைய வடிவம் இன்றைய உடைக்குள் எப்படி நுழைகிறது, அதே வேலையை உங்கள் வீட்டுப் பழைய உடையை வைத்து எப்படிச் செய்யலாம், எங்கே தவறும் என்பதைச் சொல்கிறோம். எங்கள் கருத்து இதுதான்: பழைய உடையிலிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்தது அதன் வெட்டும் அளவும் துணியின் எடையும். மேலே தெரியும் அலங்காரத்தை மட்டும் எடுத்தால் கிடைப்பது நாடக உடை.

காப்பகத்தில் என்ன இருக்கும்

காப்பகம் என்றதும் பொம்மை மேல் மாட்டிய கவுன்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வேலைக்கு உதவுவது அதோடு சேர்ந்த காகிதங்களும் துண்டுகளும்தான். கையால் வரைந்த படம், துணியை வெட்டப் பயன்படும் காகித அச்சான பேட்டர்ன், காடாத் துணியில் முதலில் தைத்துப் பார்த்த மாதிரி, அசல் துணியின் சிறு வெட்டு, அது எந்த ஆலையிலிருந்து வந்தது, எத்தனை மீட்டர் போனது, எந்த வாடிக்கையாளருக்காக எங்கே பிடித்துத் தைத்தார்கள் என்ற ஆர்டர் புத்தகம். உடை மட்டும் கிடைத்துக் குறிப்பு கிடைக்காவிட்டால் பாதி வேலை ஊகம்தான். சாயம் வெளுத்த பட்டின் அசல் நிறத்தைத் தெரிந்துகொள்ள, வெளிச்சம் படாத உள்மடிப்பைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பல நிறுவனங்கள் தொடக்கத்தில் எதையும் பத்திரப்படுத்தவில்லை. ஆடரின் பேரில் தைப்பார்கள், விற்பார்கள், அடுத்த பருவத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் தங்கள் உடைகளையே பிற்காலத்தில் ஏலத்தில் விலைகொடுத்து வாங்க நேர்ந்தது. லீவைஸ் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்துபோயின. 2001இல், 1880களில் தைத்த தன் ஒரு ஜீன்ஸை இணைய ஏலத்தில் 46,532 டாலர் கொடுத்து அந்த நிறுவனமே வாங்கியது. அதில் பாக்கெட்டும் ரிவெட்டும் எந்த இடத்தில் இருக்கின்றன, தையல் எப்படிப் போகிறது என்பதைப் பார்க்க வேறு வழி இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறானவர் ஈவ் சான் லோரான். 1960களிலிருந்தே மாதிரிகளை ஒதுக்கி வைக்கும் பழக்கம் அங்கே இருந்தது. 2017இல் பாரிஸிலும் மராகேஷிலும் இரண்டு அருங்காட்சியகங்கள் திறக்க முடிந்ததற்கு அதுதான் அடித்தளம். கூச்சி 2021இல் புளோரன்ஸ் நகரின் பலாட்ஸோ செட்டிமானியில் தன் காப்பகத்தை அமைத்தது. டியோர் 2022இல் தன் பழைய முகவரியிலேயே ஒரு காட்சிக்கூடம் திறந்தது.

ஒரு ஜாக்கெட்டை அருகில் வைத்துப் பார்ப்போம்

1947 பிப்ரவரி 12 அன்று, பாரிஸில் 30, அவென்யூ மோன்டேன் என்ற முகவரியில், கிறிஸ்தியான் டியோர் தன் பெயரிலான முதல் தொகுப்பைக் காட்டினார். அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் கார்மெல் ஸ்னோ சொன்ன 'நியூ லுக்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. போர்க்காலத்தில் துணிக்கு ரேஷன் இருந்ததால் தோள் சதுரமாகவும் பாவாடை குட்டையாகவும் இருந்த காலம் அது. டியோருக்குப் பணம் போட்ட மார்செல் பூசாக் பருத்தி ஆலை முதலாளி. மீட்டர் கணக்கில் துணியை விழுங்கும் பாவாடைகள் அவருக்குக் கசக்கவில்லை.

அந்தத் தொகுப்பின் 'பார்' ஜாக்கெட்தான் நம் பாடம். தந்த நிற ஷான்டுங் பட்டு. தோள் உருண்டு இயல்பாக விழும். இடை நன்றாகப் பிடித்திருக்கும். இடையிலிருந்து இடுப்பு எலும்புவரை ஜாக்கெட்டின் கீழ்ப்பகுதி விரிந்து நிற்கும், உள்ளே பஞ்சு வைத்திருப்பார்கள். கீழே கறுப்புக் கம்பளியில் மடிப்பு மடிப்பாகப் பாவாடை.

இடை சிறுத்துத் தெரிவதற்கு முதல் காரணம் இடுப்பின் பஞ்சு. பழகுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு இடையில் 2 செ.மீ. கூடுதலாகப் பிடிப்பார்கள். உடனே முதுகில் குறுக்காகச் சுருக்கம் விழும், பொத்தான் இழுக்கும், உட்கார்ந்தால் ஜாக்கெட் மேலேறும். இடையை உடல் அளவுக்கு மேல் 3, 4 செ.மீ. தளர்வாகவே விட்டு, இடுப்பில் அரை முதல் ஒரு செ.மீ. தடிமனுக்கு மெல்லிய பஞ்சுத் தகடு வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு அதே வடிவம் தெரியும், போடுகிறவர் மூச்சும் விடலாம். தகட்டின் ஓரத்தைப் படிப்படியாக மெலிதாக்க வேண்டும். வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டால் வெளித்துணியில் கோடாகத் தெரியும்.

டியோருக்குப் பின் வந்தவர்கள் இந்த ஜாக்கெட்டை என்ன செய்தார்கள் என்று பார்த்தால் காப்பக வேலை என்னவென்று விளங்கிவிடும். 2012 ஜூலையில் ராஃப் சிமன்ஸ் தன் முதல் தொகுப்பில் மேல்பகுதியின் வடிவத்தை வைத்துக்கொண்டார், பாவாடையை எடுத்துவிட்டு மெலிந்த கறுப்புக் கால்சட்டை போட்டார். 2016இல் வந்த மரியா கிராசியா கியூரி உள்கட்டமைப்பை மென்மையாக்கி, தினசரி அணியும்படி செய்தார். 2025இல் ஜோனதன் ஆண்டர்சன் தன் முதல் ஆண்கள் தொகுப்பில் அதே வடிவத்தை அயர்லாந்தின் டொனகல் ட்வீட் என்ற கம்பளித் துணியில் வெட்டி ஆண்களுக்குப் போட்டார். ஒவ்வொருவரும் எதையோ மாற்றியிருக்கிறார்கள். இடைக்கோடு எங்கே விழுகிறது, அதற்குக் கீழே துணி எந்தக் கோணத்தில் விரிகிறது என்ற இரண்டும் மாறவில்லை. தெருவில் பார்த்தவுடன் 'டியோர்' என்று சொல்லவைப்பது அந்த இரண்டும்தான்.

அதே ஆண்டர்சன் தொகுப்பில் 1948ஆம் வருடத்து 'டெல்ஃப்ட்' கவுனின் மடிப்புகள் கார்கோ அரைக்கால்சட்டையில் அடுக்கடுக்காக வந்தன. கவுனின் நீளம் வரவில்லை. மடிப்பின் கட்டுமானம் மட்டும் வந்தது. அண்மைக் காலத்தில் பார்த்தவற்றில் காப்பகத்தை இவ்வளவு கூர்மையாகப் படித்த வேலை எங்களுக்கு வேறு தெரியவில்லை.

ஷனேலின் சங்கிலி, பாலென்சியாகாவின் பிடரி

கபிரியேல் ஷனேல் 1954இல் மீண்டும் கடை திறந்த பிறகு வந்த ட்வீட் ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தால், உட்புறம் கீழ் ஓரத்தில் ஒரு மெல்லிய உலோகச் சங்கிலி தைத்திருக்கும். அழகுக்காக வைத்தது அல்ல. ட்வீட் தளர்வான நெசவு, உள்ளே கனமான கேன்வாஸும் கிடையாது. எடை இல்லாவிட்டால் கீழ் ஓரம் சுருண்டு மேலேறும். லைனிங் பட்டைத் தனியாகத் தொங்கவிடாமல், நேர்க்கோடுகளில் ட்வீடோடு சேர்த்துக் குவில்ட் போலத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல்தான் நெசவு நெகிழாமல் பிடித்து வைக்கிறது. கைக்குழி மிக உயரத்தில், அக்குளை ஒட்டி இருக்கும். கையைத் தூக்கினாலும் உடல்பகுதி அசையாது.

கார்ல் லாகர்ஃபெல்ட் 1983இல் பொறுப்பேற்றபோது இந்த மூன்றையும் தொடவில்லை. நீளத்தைக் குறைத்தார், நிறத்தைக் கூட்டினார், ஜீன்ஸோடு போட்டார். 1955 பிப்ரவரியில் பிறந்ததால் 2.55 என்று பெயர்பெற்ற கைப்பையின் சங்கிலி வாரில் தோலைக் கோத்து, பூட்டில் இரட்டை 'சி' எழுத்தை வைத்தார். 2005இல் ஐம்பதாம் ஆண்டுக்கு அசல் பையையே மறுபடி வெளியிட்டார்கள். ஒரே நிறுவனம் ஒரே பொருளை மாற்றியும் விற்கிறது, மாற்றாமலும் விற்கிறது. மாற்றாமல் வெளியிடுவது மறுபதிப்பு. வெட்டை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுவது மறுவாசிப்பு. காப்பகம் பற்றிப் படிக்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கிறிஸ்டோபல் பாலென்சியாகா தன் ஜாக்கெட்டுகளில் கழுத்துப்பட்டையைப் பிடரியிலிருந்து விலக்கி வைப்பார். பின்கழுத்து திறந்து தெரியும், கழுத்து நீண்டது போலிருக்கும். பேட்டர்னில் இதற்குப் பின்கழுத்தை ஒன்று அல்லது இரண்டு செ.மீ. இறக்கி அகலமாக்க வேண்டும், அதற்கு ஈடாக முன்பக்க நீளத்தைக் கூட்ட வேண்டும். முன்னால் கூட்டாமல் பின்னால் மட்டும் இறக்கினால் ஜாக்கெட் முழுவதும் பின்னால் சரியும், முன்கழுத்து தொண்டையை இறுக்கும். அவர் 1968இல் கடையை மூடினார். 2016இல் அதே பெயரின் கீழ் வடிவமைப்பாளர் டெம்னா காட்டிய பஞ்சடைத்த குளிர்கோட்டுகள் தோளிலிருந்து நழுவிப் பின்னால் விழுந்து கிடந்தன. பார்த்தவர்களுக்கு அது தெருப்பிள்ளைகளின் அலட்சியமாகத் தெரிந்தது. அதன் அடியில் இருந்தது அந்தப் பழைய பிடரிக் கணக்கு.

துணியும் ஒரு காப்பகப் பொருள்தான். பாலென்சியாகாவுக்காக 1958இல் சூரிச் நகரின் ஆபிரகாம் நிறுவனம் உருவாக்கிய 'கஸார்' என்ற விறைப்பான பட்டு இல்லாமல் அவருடைய கடைசிக்கால வடிவங்கள் நிற்காது. அந்த வடிவத்தைச் சாதாரண ஆர்கன்ஸாவில் வெட்டினால் நுனிகள் தொங்கிவிடும். பேட்டர்ன் சரியாக இருந்தும் உடை சரியாக வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அச்சும் சின்னமும்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், செய்வது எளிது என்பதால். கூச்சியின் 1953ஆம் வருடத்துக் குதிரைக் கடிவாளக் கொக்கி வைத்த காலணி, 1966இல் விட்டோரியோ அக்கோர்னெரோ வரைந்த 'ஃப்ளோரா' பூ அச்சு, பர்பெரி கோட்டின் உள்கட்டம் போன்றவை திரும்பத் திரும்ப வருகின்றன. பார்த்தவுடன் அடையாளம் தெரியும், நன்றாக விற்கும். ஆனால் அளவு மாறாமல் அச்சை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டினால் இரண்டு மூன்று பருவங்களில் கண்ணுக்குச் சலித்துவிடும்.

சின்னத்தையும் கட்டுமானத்தோடு சேர்த்தால் கதை வேறு. எல்சா ஸ்கியாபரெல்லி 1938இல் ஓவியர் டாலியோடு சேர்ந்து செய்த எலும்புக்கூட்டு உடையில் எலும்புகள் வரைந்தவை அல்ல. இரண்டு அடுக்குத் துணியில் எலும்பின் ஓரத்தைத் தைத்து, இடையில் பஞ்சைத் திணித்து மேலெழுப்பியவை. அந்தக் கடை 1954இல் மூடப்பட்டு, பல பத்தாண்டுகள் கழித்துத்தான் உயிர்பெற்றது. 2019இல் வந்த டேனியல் ரோஸ்பெரி உடலின் பாகங்களை உடையின் மேல் புடைப்பாக எழுப்பும் அந்த எண்ணத்தை உலோகத்திலும் தோலிலும் கொண்டுபோனார். இடைவெளி நீளமாக இருந்தும் தொடர்ச்சி அறுந்ததாகத் தோன்றவில்லை.

நம் ஊரிலேயே ஒரு காப்பகம்

பாரிஸை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. டர்பன் கிரே தெருவில், இன்று டாக்டர் யூசுப் தாதூ தெரு என்று பெயர் மாறியிருக்கும் பகுதியில், துணிக்கடைகளில் ஷ்வேஷ்வே என்ற அச்சுப் பருத்தித் துணி வாங்கியிருப்பீர்கள். அதைக் கிழக்குக் கேப்பில், ஸ்வெலிட்ஷாவில் உள்ள டா காமா ஆலை 1982 முதல் அச்சிடுகிறது. இங்கிலாந்தில் அச்சாகி வந்த 'த்ரீ கேட்ஸ்' வரிசையின் உரிமையை 1992இல் அந்த ஆலை வாங்கியபோது, பழைய செம்பு உருளைகளும் கப்பலில் வந்து சேர்ந்தன. முதலில் துணி முழுவதும் நீலச் சாயம் ஏறும். பிறகு செதுக்கிய செம்பு உருளைகள் மெல்லிய அமிலக் கரைசலைத் தொட்டு வைக்க, அந்த இடங்களில் மட்டும் நீலம் நீங்கி வெள்ளைப் புள்ளிகள் தெரியும்.

அந்த உருளைகள்தான் காப்பகம். செதுக்கிய புள்ளியின் அளவை மாற்ற முடியாது, நிறத்தை மாற்றலாம். பழுப்பும் சிவப்பும் அப்படி வந்தவை. இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் உள்ளூர் டிசைனர்கள் புதுமை செய்கிறார்கள், பெரும்பாலும் வெட்டில். துணி 90 செ.மீ. அகலம் மட்டுமே. அதனால் ஒரே துண்டாக வட்டப் பாவாடை வெட்ட வராது. கலிகளாக (மேலே குறுகிக் கீழே விரியும் துண்டுகளாக) வெட்டி இணைத்தால் வீணாகாது, பழைய ஷ்வேஷ்வே உடைகளில் கலிப் பாவாடை அதிகம் தென்படுவதும் இதற்குப் பொருந்தியே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: கடையில் விறைப்பாக இருக்கும் கஞ்சி முதல் அலசலில் போய்விடும், துணி சுருங்கும். அலசிக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். அலசாமல் வெட்டினால் தைத்த உடை முதல் துவைப்பில் இடையிலும் நீளத்திலும் குறையும்.

சொந்த நிறுவனத்துக்குப் பழைய தொகுப்பு இல்லாவிட்டால் மக்களின் உடைமரபே காப்பகமாகலாம். லடுமா ங்க்ஸோகோலோ தன் மாக்ஹோசா நிறுவனத்தில் கோசா மக்களின் மணிவேலைக் கோலங்களைப் பின்னலாடையாக்கினார். மணிகளின் கட்டக் கணக்கு பின்னல் கண்ணிகளின் கட்டக் கணக்கோடு இயல்பாக ஒத்துப்போகிறது. நம்மிடம் காவடிக்கும் கல்யாணத்துக்கும் கட்டிய சேலைகளும், ஒவ்வொரு தலைமுறையும் தைத்த ரவிக்கைகளும் இருக்கின்றன. முதல் இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு டர்பனில் 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் கரைசேர்ந்ததிலிருந்து இங்கே உடை தைத்துக்கொண்டிருக்கிறோம். பாட்டியின் 1960களின் ரவிக்கை ஒன்று பீரோவில் இருந்தால் அதுவே நல்ல தொடக்கம்.

பழைய உடையைப் பிரிக்காமல் பேட்டர்ன் எடுப்பது

முதல் விதி, தையலைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் அதைத் திரும்பச் சேர்த்தாலும் அசல் இழுவை திரும்பாது. இரண்டாவது, போட்டுப் பார்க்காதீர்கள். பழைய பட்டு தோளிலும் அக்குளிலும் வியர்வை பட்டு நைந்திருக்கும், கையை ஒருமுறை தூக்கினால் கிழியும். சர்வதேச அருங்காட்சியகங்களின் அமைப்பான ஐகாம் 2022இல், வரலாற்று உடைகளை யாரும் அணியக் கூடாது என்றே வெளிப்படையாகச் சொன்னது.

மேசையில் கார்க் பலகையோ மெத்தென்ற கம்பளமோ விரித்து, அதன் மேல் வெள்ளைக் காகிதம். உடையின் ஒரு பாதி போதும். ஆனால் இரு பாதியும் சமமா என்று முதலில் அளந்து பாருங்கள். ஒரு தோள் இறங்கியவருக்காகத் தைத்த ரவிக்கையில் இரண்டு பக்கமும் வேறாக இருக்கும், அப்போது இரண்டையும் எடுக்க வேண்டும். தோள் அகலம், பிடரியிலிருந்து இடைவரை, மார்பு, இடை, கைநீளம், மேல்கைச் சுற்று, முன்கழுத்து இறக்கம் என்று எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். இந்த எண்கள்தான் பிற்பாடு பேட்டர்னைச் சரிபார்க்க உதவும்.

அடுத்து பாவு இழையை, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் இழையை, கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பாவு இழையைப் பின்பற்றி, வேறு நிற நூலால் 2, 3 செ.மீ. இடைவெளியில் பெரிய ஓட்டத் தையல் போடுங்கள். கிராஸில் (இழைக்குக் குறுக்குச் சாய்வாக) வெட்டிய துண்டில் இது சாய்வாகப் போகும், அப்படியே விடுங்கள். இந்த நூல்கோட்டைக் காகிதத்தில் வரைந்த நேர்க்கோட்டின் மேல் வைத்து, துண்டைத் தட்டையாகப் பரப்பி, தையல்கோடு வழியே மெல்லிய குண்டூசியால் ஒரு செ.மீ.க்கு ஒரு குத்து. கழுத்து, கைக்குழி போன்ற வளைவில் அரை செ.மீ.க்கு ஒன்று. நைந்த பட்டாக இருந்தால் ஊசி வேண்டாம். மேலே மெல்லிய மல் துணியைப் போர்த்தி, அடியில் தட்டுப்படும் தையல்கோட்டை மென்மையான பென்சிலால் தடவி எடுக்கலாம்.

டார்ட் தட்டையாகப் படுக்காது. அதனால் உட்புறம் திருப்பி, மடித்துத் தைத்த அகலத்தை அளந்து அதை இரட்டிப்பாக்கினால் பேட்டர்னில் திறக்க வேண்டிய அகலம் கிடைக்கும். அந்த 1960களின் ரவிக்கையில் டார்ட் மார்பு நுனிக்கு 2, 3 செ.மீ. முன்பாகவே நிற்பதைக் கவனிப்பீர்கள். நுனிவரை கொண்டுபோனால் கூம்பு போலத் துருத்தும். காகிதத்தில் கோடுகளை இணைத்த பிறகு, முன்பக்கப் பக்கவாட்டுத் தையலும் பின்பக்கப் பக்கவாட்டுத் தையலும் ஒரே நீளமா என்று பாருங்கள். கையின் மேல்வளைவு கைக்குழியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பருத்தி ரவிக்கைக்கு ஒன்று, ஒன்றரை செ.மீ., கம்பளி ஜாக்கெட்டுக்கு 3, 4 செ.மீ. இதற்குமேல் வந்தால் குத்துகளை எங்கோ இழுத்து எடுத்திருக்கிறீர்கள். தையலுக்கு விடும் மார்ஜினைக் கடைசியில் சேர்க்கலாம்: பக்கத்தில் 1.5 செ.மீ., கழுத்தில் 1 செ.மீ., கீழ்மடிப்புக்கு 4.

பின் காடாத் துணியில் மாதிரி தையுங்கள், எண்ணிய துணியின் எடைக்கு நெருக்கமான காடாவில். மெல்லிய காடாவில் நன்றாகத் தெரிந்த விரிவு கனமான துணியில் குடையாக நிற்கும். 400 கிராம் கம்பளியில் பிறந்த வடிவத்தை 220 கிராம் துணியில் வெட்ட வேண்டியிருந்தால், உள்ளே ஆர்கன்ஸா அடுக்கு சேர்க்க வேண்டும், அல்லது விரிவைக் குறைக்க வேண்டும்.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் கைக்குழி. பழைய ரவிக்கையின் கைக்குழி உயரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, 'இறுக்குமே' என்று 2 செ.மீ. இறக்கிவிடுவார்கள். இறக்கினால் கை அடிப்பக்கம் உடலோடு ஒட்டிக்கொள்ளும். தட்டை எடுக்கக் கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் மேலேறி இடை தெரியும். இறுக்கமாக உணர்ந்தால் மேல்கைச் சுற்றைக் கூட்டுங்கள், கைக்குழியை அப்படியே விடுங்கள். இன்னொன்று, அந்தக் காலத்து உடைகள் அந்தக் காலத்து உள்ளாடையின் மேல் தைக்கப்பட்டவை. 1950களின் இடைக்கச்சையும் கூம்பு வடிவ மார்க்கச்சும் இல்லாமல் அந்த அளவு யாருக்கும் பொருந்தாது. முழுப் பேட்டர்னையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் தோளும் கழுத்தும் தேவையில்லாமல் வளரும். மார்பிலும் இடையிலும் வெட்டித் திறந்து, தோளை அசலாகவே வையுங்கள்.

டர்பன் ஈரத்தில் பாதுகாப்பது

காப்பகங்கள் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 45 முதல் 55 சதவீத ஈரப்பதமும், வெளிச்சம் 50 லக்ஸுக்குள்ளும் இருக்கப் பார்த்துக்கொள்கின்றன. கடலை ஒட்டிய நம் ஊரில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வீட்டில் இது நடக்காது. ஆனால் பீரோவை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினாலே பூஞ்சணம் குறையும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே ஈரம் அடைபடும். கஞ்சியும் நீலமும் போடாமல் பலமுறை அலசிய வெள்ளை வேட்டித் துணி போதும். பாச்சாக்கட்டி துணியிலும் ஜரிகையிலும் நேராகப் படக் கூடாது. துருப்பிடிக்கும் ஊக்கு, குண்டூசிகளை முதலில் எடுத்துவிடுங்கள்.

பட்டுச் சேலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பு மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்த ஜரிகைச் சேலை அந்தக் கோட்டிலேயே அறும். பழைய காஞ்சிபுரத்தை வெட்டி ஜாக்கெட்டாகத் தைக்க நினைப்பவர்கள் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். அந்தக் கோடு தோளிலோ முழங்கையிலோ வராதபடி பேட்டர்னை அடுக்க வேண்டும். கிராஸில் வெட்டியதும் மணிவேலை கனமாக உள்ளதும் தொங்கவிடக் கூடாது, தட்டையாகப் படுக்கட்டும். கம்பளியில் அந்துப்பூச்சி இருந்தால், காற்றுப்போகாமல் பாலிதீனில் கட்டி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்தபின் ஒருநாள் முழுவதும் கட்டைப் பிரிக்காமல் விட்டால் துணியில் நீர் கோக்காது.

இனி தைப்பவற்றுக்கு உங்கள் காப்பகத்தை இன்றே தொடங்கலாம். ஒவ்வொரு டிசைனுக்கும் ஓர் உறை: பேட்டர்ன், 10க்கு 10 செ.மீ. துணித் துண்டு, எந்தக் கடை, அகலம், எத்தனை மீட்டர், அலசியபின் எவ்வளவு சுருங்கியது, பொருத்திப் பார்த்தபோது எங்கே மாற்றினீர்கள், தேதி. சுருக்கக் கணக்கை எழுதாமல் விட்டவர்கள்தான் அதே துணியில் அதே தவறை மறுபடி செய்கிறார்கள்.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது

தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, பதிவுசெய்த அழகியல் வடிவத்துக்கு 15 வருடமும், பயன்பாட்டு வடிவத்துக்கு 10 வருடமும் பாதுகாப்பு உண்டு. இடையைப் பிடித்து இடுப்பில் விரியும் ஜாக்கெட் என்ற பொது வடிவத்தைப் படித்து உங்கள் பேட்டர்னை நீங்களே வரைவது வேறு. பெயர், இரட்டை எழுத்துச் சின்னம், பதிவான கட்டம் ஆகியவற்றை எடுப்பது வேறு. பின்னது வணிகச் சின்னச் சட்டத்திலும் 1997ஆம் ஆண்டுப் போலிப் பொருள் சட்டத்திலும் சிக்கவைக்கும், சரக்கையே பறிமுதல் செய்வார்கள். பழைய அச்சை ஸ்கேன் செய்து துணியில் அடிக்க நினைத்தால், முதலில் வரைந்தவர் யார், உரிமை இன்னும் யாரிடம் இருக்கிறது என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் துணிக்கு ஆடர் கொடுங்கள்.